பூனைப்பருந்து பறந்தால் வால் படம்தான் கிடைக்கிறது: எங்கே தவறுகிறேன்?

வேளச்சேரிவாசி · டிசம்பர் 7, இரவு 9:12

வணக்கம். அக்டோபர் கடைசியிலிருந்து வாரம் தவறாமல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர், நொடிக்கு 7 படம் எடுக்கும். லென்ஸ் 150-600 மி.மீ. ஜூம். உட்கார்ந்திருக்கும் பறவை என்றால் பிரச்சினையே இல்லை. மின்கம்பியில் இருந்த கருந்தோள் பருந்தின் சிவந்த கண்கூடத் துல்லியமாக வந்திருக்கிறது. பறக்க ஆரம்பித்ததும்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

இன்று காலை வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் நின்றிருந்தேன். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தாழப் பறந்து, 20 நிமிடம் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. 340 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் படங்களில் பருந்து கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. மீதியில் போகஸ் பின்னால் இருக்கும் புல்லில் உட்கார்ந்திருக்கிறது. தெளிவாக வந்த நாலைந்தும் வாலும் முதுகும்தான். ஒருமுறை அது தண்ணீரில் பாய்ந்து எதையோ அடித்தது. நான் நேரில் பார்த்திருக்க வேண்டிய முதல் வேட்டை. அந்த நேரம் பார்த்து, எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

ஷட்டர் 1/1000 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 6.3, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) வாங்கினால்தான் இது தீருமா? அவ்வளவு பணம் போடும் நிலையில் இப்போது இல்லை. உண்மையைச் சொல்லுங்கள்.

ஒளிமானி · டிசம்பர் 7, இரவு 10:05

முதலில் கேமரா அமைப்புகளை முடித்துவிடுவோம், அது சுலபம். 1/1000 போதாது. வட்டமடிக்கும் கரும்பருந்துக்கு 1/1600 தாங்கும். சிறகடித்துத் திரும்பும் பூனைப்பருந்துக்கு 1/2500, வைரி என்ற சின்ன வேட்டைப் பறவைக்கு 1/3200 வையுங்கள். விடிகாலையில் ஐஎஸ்ஓ 3200 வரை ஏறும், ஏறட்டும். அதனால் படத்தில் விழும் மணல்மணலான புள்ளிகளை (நாய்ஸ்) வீட்டில் குறைத்துக்கொள்ளலாம். அசைந்துபோன கண்ணுக்கு வைத்தியம் இல்லை.

கரிக்கட்டை ஆவதற்குக் காரணம், கேமரா வெளுத்த வானத்தைப் பார்த்து ஏமாந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. +1 காம்பென்சேஷன் (படத்தை ஒரு படி வெளிச்சமாக்கும் அமைப்பு) போடச் சொல்வார்கள். வானத்தில் மட்டும் பறந்தால் அது சரி. உங்கள் பருந்து வானத்திலிருந்து புல்லுக்கு இறங்கி மறுபடி ஏறுகிறதே, புல் பின்னணிக்கு வந்ததும் அதே +1 அதன் வெளிர்ந்த தலையை வெளுத்துத் தள்ளிவிடும். மேகம் இல்லாத காலை என்றால் முழு மேனுவலுக்குப் போய்விடுங்கள். வெயில் படும் புல்லில் அளவெடுத்து, ஐஎஸ்ஓவையும் பூட்டி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். பின்னணி எது மாறினாலும் பருந்தின் மேல் விழும் வெயில் அதேதான். செம்பருந்துக்கு மட்டும் வெளிச்சத்தை அரைப் படி (அரை ஸ்டாப்) குறைத்தே வையுங்கள், தலையும் மார்பும் வெள்ளை.

போகஸை, நகரும் பறவையைப் பின்தொடரும் தொடர் முறையில் வைத்து, ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றுங்கள். லென்ஸில் போகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருக்கும், அதில் கிட்டத்து தூரத்தை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருமுறை பிடி நழுவியதும் லென்ஸ் கடைசி வரை ஓடித் திரும்பும், அதற்குள் பறவை ஊருக்குப் போயிருக்கும். பறவை வருவதற்கு முன்பே, அது கடக்கப்போகும் தூரத்தில் இருக்கும் ஒரு செடியில் போகஸ் வைத்துக் காத்திருங்கள்.

நீர்க்காகம் · டிசம்பர் 7, இரவு 10:31

மிரர்லெஸ் கேள்விக்கு மட்டும் பதில். நான் போன வருடம் மாறினேன். வானத்துப் பின்னணியில் பறவையின் கண்ணைத் தானே பிடித்துக்கொள்கிறது, அருமை. ஆனால் கோரைக்கு முன்னால் தாழப் பறக்கும் பூனைப்பருந்திடம் அதுவும் தடுமாறத்தான் செய்கிறது. சில கேமராக்களில் மின்னணு ஷட்டர் போட்டால் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து வரும். என்னிடம் இருக்கும் நல்ல படங்களில் பாதிக்கு மேல் பழைய டிஎஸ்எல்ஆரில் எடுத்தவை. இந்தப் பருவத்தை அதிலேயே முடியுங்கள்.

உப்பங்கழி · டிசம்பர் 8, காலை 5:20

தம்பி, ஒளிமானி சொன்னதை எல்லாம் செய்யுங்கள். ஆனால் வால் படம் வருவதற்குக் காரணம் கேமராவில் இல்லை, நீங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

வேளச்சேரி–தாம்பரம் சாலை சதுப்பு நிலத்துக்கு மேற்கே இருக்கிறது. காலையில் அங்கே நின்று கிழக்கே பார்த்தால் சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கும், பருந்தின் நிழல் பக்கம்தான் உங்களுக்குத் தெரியும். கரிக்கட்டைக்குப் பாதிக் காரணம் அது.

வாலுக்குக் காரணம் காற்று. இது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். பெரிய சிறகுள்ள பறவைகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிராகத்தான் முகம் வைக்கும். பூனைப்பருந்து இரை தேடும்போதும் அப்படித்தான். எதிர்க்காற்றில் மெதுவாக ஊர்ந்தால்தான் கீழே இருப்பதை நிதானமாகப் பார்க்க முடியும். கோரையின் ஓரத்துக்கு வந்ததும் காற்றோடு சட்டென்று திரும்பிப் பின்னால் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் சொன்ன அந்த 20 நிமிடமும் இதைத்தான் செய்திருக்கும். காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, அதன் முகம் வடகிழக்கே இருக்கிறது, நீங்கள் மேற்கே நிற்கிறீர்கள். வேறு எது தெரியும்?

கிழக்கே, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போங்கள். சூரியனும் காற்றும் முதுகில் இருக்கும், பருந்தின் முகம் முக்கால்வாசி உங்கள் பக்கம் இருக்கும். சதுப்பு நிலத்தைக் குறுக்கே கடக்கும் ரேடியல் சாலையில் நிற்பதென்றால் தெற்கே பார்க்காமல் வடக்கே திரும்பி நில்லுங்கள். இந்த மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கிறது. அங்கே லாரிகள் போகும் வேகத்துக்கு, லென்ஸில் கண்ணை வைத்தபடி ஓர் அடிகூட நகரக் கூடாது, அதை மனதில் வையுங்கள்.

மாலையில் கணக்கு மாறிவிடும். சூரியன் மேற்கே, காற்று கிழக்கேயிருந்து. வெளிச்சத்துக்காக மேற்கே நின்றால் வால், முகத்துக்காகக் கிழக்கே நின்றால் கரிக்கட்டை. அதனால் இந்த மாதங்களில் மாலை நேரத்துக்கு நான் கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டு, அடையப் போகும் கூட்டங்களை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வருவேன்.

பிப்ரவரி நடுவில் காற்று மாறும். காலையில் நிலக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வரும், முற்பகலில் கடற்காற்று புகுந்துவிடும். அப்போது நேர்முகத்துக்கு ஆசைப்படாமல் பக்கவாட்டுப் படம் பாருங்கள்.

பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். பழவேற்காட்டில் 3 பருவம் வால்களாக எடுத்துக் கழுவிப் பார்த்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

வேளச்சேரிவாசி · டிசம்பர் 8, காலை 8:47

ஐயா, மிக்க நன்றி. நேற்றைய படங்களை இப்போது மறுபடி திறந்து பார்த்தேன். தெளிவாக வந்த ஐந்திலும் வால் ஒரே பக்கமாகத்தான் இருக்கிறது. ஒன்றரை மாதமாக இது என் கண்ணில் படவே இல்லை.

இரண்டு சந்தேகம். இடத்துக்குப் போனதும் காற்றின் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டடங்களுக்கு நடுவே கையை நீட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. அடுத்தது, பருந்து எப்போது பாயும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

உப்பங்கழி · டிசம்பர் 8, மதியம் 1:15

காற்றுக்கு, தண்ணீரில் நிற்கும் பறவைகளைப் பாருங்கள். கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், ஆலா, எதுவானாலும் காற்றுக்கு முகம் காட்டித்தான் நிற்கும். பின்னாலிருந்து அடித்தால் இறகு தூக்கிக்கொள்ளும். 50 உள்ளான் ஒரே பக்கம் பார்த்து நின்றால் வேறு அத்தாட்சி வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பருந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இரையைப் பாருங்கள். பள்ளிக்கரணை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது குறித்த பரப்பு 1,247 ஹெக்டேர் சொச்சம். இவ்வளவு பெரிய இடத்தில் பருந்தைத் தேடி நடந்தால் கால்தான் வலிக்கும். நாமக்கோழிகள் (நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள கறுப்பு நீர்ப்பறவைகள்) சிதறி மேய்ந்துகொண்டிருந்தால் அக்கம்பக்கத்தில் ஒன்றும் இல்லை. கரையோரம் இருந்தவை நடுத்தண்ணீருக்கு விரைந்து, ஒன்றையொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகச் சேர்ந்தால் பூனைப்பருந்து வந்துகொண்டிருக்கிறது. ஆள்காட்டி கத்த ஆரம்பித்தால் அது கத்தும் திசையைப் பாருங்கள். கிளுவையும் கருவால் மூக்கனும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் எழும்பினால் தலைக்கு மேலே பாருங்கள், பொரி வல்லூறாக இருக்கும். அது பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும், அந்தப் பாய்ச்சலைத் துரத்திப் போகஸ் செய்ய நம்மால் ஆகாது. குறி தவறி மேலேறித் திரும்பும்போது ஒரு கணம் வேகம் குறையும். அதற்குக் காத்திருங்கள்.

மொட்டைமாடி · டிசம்பர் 8, இரவு 9:40

இரையைப் பார்க்கச் சொன்னது முற்றிலும் உண்மை. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் மேற்கு மாம்பலம். காலையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், சதுப்பு நிலத்துக்கெல்லாம் போக முடியாது. எனக்கு வாய்த்தது எங்கள் மொட்டை மாடி, பக்கத்து வீட்டு வேப்ப மரம், ஒரு 100-400 லென்ஸ். அந்த மரத்துக்கு ஒரு வைரி வரும். புறா அளவுதான், கண் மட்டும் குங்குமம் மாதிரி. அது வந்திருப்பதை ஒரு தடவைகூட நான் முதலில் பார்த்ததில்லை. அணில் சொல்லும். வழக்கமாகக் கீச்சிடுவது வேறு, இது விடாமல், ஒரே சுருதியில், வாலை உதறி உதறிக் கத்துவது. தவிட்டுக்குருவிகளும் சேர்ந்துகொண்டால் சந்தேகமே வேண்டாம்.

போன மார்ச்சில் ஒரு நாள், காலை 7 மணி இருக்கும். பட்டுப்போன கிளையில் வைரி. எங்கள் மாடித் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வைரி தலையை மேலும் கீழும் இரண்டு முறை அசைத்தது, தூரத்தைக் கணக்குப் போடும்போது அப்படிச் செய்யும். அப்புறம் எச்சமிட்டது. உட்கார்ந்திருக்கும் வேட்டைப் பறவை எச்சமிட்டால் பெரும்பாலும் அடுத்த சில நொடிகளில் கிளம்பிவிடும், இதை யாரும் மறக்காதீர்கள். உடம்பு கிடைமட்டமாகத் தாழ்ந்தது. நான் அதை விட்டுவிட்டு லென்ஸைத் தொட்டி விளிம்புக்குத் திருப்பி, ஓணான்மேல் போகஸ் வைத்து, சட்டகத்தின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்தேன். ஒரு மூச்சு நேரம்தான். பொத்தானை அழுத்தினேன்.

கிடைத்தது 5 படம். முதலாவதில் ஓணான் மட்டும். இரண்டாவதில் சட்டகத்தின் மூலையில் ஒரு சிறகு. மூன்றாவதில் வைரி, மஞ்சள் கால்கள் இரண்டும் முகத்துக்கு முன்னால் நீண்டு, வால் விசிறியாக விரிந்து, நகங்கள் ஓணானுக்கு நாலு விரல் தள்ளி. மற்ற இரண்டிலும் வெறும் சிமெண்ட், கொஞ்சம் தூசி. அந்த மூன்றாவது படத்தில் கண் பால் படிந்த மாதிரி இருந்தது. படம் வீணாகிவிட்டது என்று ஒரு வாரம் வருத்தப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அடிக்கும் நொடியில் கண்ணைக் காப்பதற்காக உள் இமைப் படலம் மூடிக்கொள்ளும். அந்தப் படலமே படத்தில் வந்திருக்கிறது. இப்போது வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

அதே மாதக் கடைசியில் அந்த மரத்திலேயே வைரிகள் கூடு கட்டக் குச்சி சேர்க்க ஆரம்பித்தன. அன்றிலிருந்து ஜூன் வரை மாடிக்குக் கேமராவைக் கொண்டுபோகவில்லை. கூட்டுக்கு நேர் எதிரே பெரிய லென்ஸோடு நின்றால் தாய் இறங்காது, அந்த நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

காசிமேட்டான் · டிசம்பர் 9, காலை 6:02

வேளச்சேரி அண்ணே, நீங்கள் கடினமான பறவையில் ஆரம்பித்திருக்கிறீர்கள். எங்கள் பக்கம் வாருங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் செம்பருந்தும் கரும்பருந்தும் கூட்டமாக வரும். விசைப்படகு திரும்பி வந்து வலையைப் பிரித்து, விலை போகாத பொடி மீனைத் தண்ணீரில் தள்ளுவார்கள். பருந்து ஒவ்வொன்றாக ஒரே தடத்தில், காற்றை எதிர்த்து இறங்கி, காலால் அள்ளிக்கொண்டு போகும். கரும்பருந்து அதைப் பறந்தபடியே அலகுக்குக் கொண்டுவந்து கிழித்துத் தின்னும், நல்ல படம் அது. ஒன்று தவறினால் அடுத்த நிமிடமே இன்னொன்று வரும். முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, கண்ணை எடுக்காமல் லென்ஸை முகத்துக்குக் கொண்டுவரப் பழகுங்கள். 600இல் வைத்துக்கொண்டு வானத்தில் தேடினால் கிடைக்காது. 300இல் பிடித்து, அப்புறம் இழுங்கள்.

வரும்போது இரண்டு விஷயம். ஏலம் நடக்கும் இடத்தில் ட்ரைபாட் விரிக்காதீர்கள், ஐஸ் பெட்டி தூக்கி ஓடுபவர்களுக்கு அது இடைஞ்சல், தரையும் வழுக்கும். முகம் தெரிகிற மாதிரி எடுத்தால் ஒரு வார்த்தை கேளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது வந்து ஏமாறாதீர்கள்.

எங்கள் அம்மா இன்றைக்கும் செம்பருந்து தலைக்கு மேல் போனால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆனால் வட சென்னையில் தடையை மீறி விடுகிற மாஞ்சா நூல் முதலில் அறுப்பது அதே கருடனின் சிறகைத்தான். சிறகில் நூல் தொங்கும் பருந்து கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். விழுந்து கிடந்தால் துணி போட்டு மூடி, காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வைத்து, கிண்டியில் இருக்கும் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்புக்குக் கொண்டுபோங்கள்.

சிறகுவேகம் · டிசம்பர் 9, இரவு 8:25

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். நான் செய்வதை நேராகச் சொல்கிறேன். கறிக்கடையில் 2 கிலோ கோழிக் கழிவு வாங்கி, திறந்த வெளியில் சாலையோரம் வீசுவேன். 10 நிமிடத்தில் 30 பருந்து வரும். நேருக்கு நேர் பாய்ச்சல், கால் நீட்டிய படம், எல்லாம் ஒரே காலையில். பறவைக்கும் சாப்பாடு கிடைக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நீர்க்காகம் · டிசம்பர் 9, இரவு 8:51

நஷ்டம் இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2(16) பிரிவில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். கொல்வது, பிடிப்பது மட்டும் வேட்டை என்று அதில் இல்லை. துரத்துவதும், இரை வைத்து ஈர்ப்பதும், பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் அதே பட்டியலில்தான் வருகின்றன.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாலையோரம் கறி விழுந்தால் நாய் வரும், காகம் வரும், தாழப் பாயும் பருந்து வண்டியில் அடிபடும். அப்படி அடிபட்ட ஒன்றை நான் கையில் தூக்கியிருக்கிறேன். அரை கிலோவுக்குச் சற்று அதிகம்தான் இருக்கும், அத்தனை பெரிய சிறகுக்கு அந்தக் கனம்தான்.

சிறகுவேகம் · டிசம்பர் 9, இரவு 9:10

அப்படியானால் காசிமேட்டில் தண்ணீரில் தள்ளும் மீன்? பெருங்குடிக் குப்பை மேட்டில் கிடக்கும் இறைச்சி? அங்கே எடுத்தால் நல்ல படம், நான் போட்டால் குற்றமா?

காசிமேட்டான் · டிசம்பர் 9, இரவு 10:33

நியாயமான கேள்விதான், எனக்கும் இது மனதில் ஓடியிருக்கிறது. படகுக்காரர் மீனைத் தள்ளுவது அவர் தொழில். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் தள்ளுவார், பருந்தும் தலைமுறை தலைமுறையாக அங்கே வருகிறது. நீங்கள் போகும் இடத்தில் நேற்று வரை பருந்துக்கு வேலை இல்லை. படம் கிடைத்ததும் நீங்கள் வருவதை நிறுத்திவிடுவீர்கள், அது நாளைக்கும் அதே சாலையோரத்துக்கு வந்து இறங்கும். நான் கவலைப்படுவது அந்த நாளைக்காகத்தான். அதே சமயம், வெளியூர்க்காரர் ஒருவர் கையில் மீன் வாங்கிப் படகிலிருந்து வீசிப் படம் எடுத்ததை இங்கேயே பார்த்திருக்கிறேன். அதையும் நான் சரி என்று சொல்லவில்லை.

மொட்டைமாடி · டிசம்பர் 10, காலை 10:15

எங்கள் தெருவில் ஒருவர் புண்ணியம் என்று நினைத்து தினமும் மாடியில் கறித்துண்டு போட்டார். இரண்டு மாதத்தில் பருந்து கூட்டமாகப் பழகிவிட்டது. பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட வந்த பாட்டியின் கையில் இருந்த தட்டை ஒன்று பறித்தது, புறங்கையில் மூன்று கீறல். பிறகு தெருவே திரண்டு பட்டாசு வெடித்து விரட்டியது. அவர் கெட்டது நினைக்கவில்லை. பழி பருந்துமேல் விழுந்தது.

சிறகுவேகம் · டிசம்பர் 10, இரவு 11:48

அந்த சட்டப் பிரிவை இன்றுதான் படித்தேன். பாட்டி விஷயமும் யோசிக்க வைத்தது. அடியோடு விட்டுவிட்டேன் என்று இப்போதே சொன்னால் அது பொய்யாகிவிடும். சாலையோரத்தில் இனிப் போட மாட்டேன். இங்கே பகிர்ந்திருந்த 6 படத்திலும் இரை போட்டு எடுத்தது என்று குறிப்பு சேர்த்துவிட்டேன்.

உப்பங்கழி · டிசம்பர் 11, காலை 5:35

குறிப்பு சேர்த்ததற்கு நன்றி. அதைச் செய்யப் பலருக்கு மனம் வராது. எலியைக் கட்டிப்போட்டு எடுத்த ஆந்தைப் படங்களை இயற்கையாக எடுத்தவை என்று போட்டிக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் காசிமேட்டுக்கு நாம் சேர்ந்தே போவோம்.

ஒளிமானி · டிசம்பர் 11, காலை 7:20

ஒன்று விட்டுப்போனது. 9 மணிக்கு மேல் ஷட்டரை எவ்வளவு ஏற்றினாலும் தூரத்துப் பறவை கூழாகத்தான் வரும். தார்ச் சாலை, மண் கரை, குப்பை மேடு எல்லாம் சூடாகி, இடையில் இருக்கும் காற்று அலையடிக்கும். லென்ஸ் பழுது என்று நினைத்து ஒரு கடையில் கொடுத்து 15 நாள் காத்திருந்து, ஒன்றும் இல்லை என்று திரும்ப வாங்கி வந்தேன். கானல்தான் காரணம். 6:15 முதல் 8:30 வரைதான் உங்கள் நேரம். அதற்குப் பிறகு உப்பளத்திலோ வெளிர் மணல் கரையிலோ தலைக்கு மேல் பறப்பதை எடுக்கலாம். கீழிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் சிறகின் அடியை நன்றாகக் காட்டும். கேளம்பாக்கம் பக்கம் முயன்று பாருங்கள்.

வேளச்சேரிவாசி · ஜனவரி 5, மதியம் 12:20

நான்கு வாரம் இங்கே எழுதவில்லை. இரண்டு ஞாயிறு காசிமேட்டில் இருந்தேன், ஒரு வாரம் மழை. இன்று பள்ளிக்கரணையின் கிழக்குக் கரை.

5:50க்கே போய்விட்டேன். நெடுங்கால் உள்ளான்கள் வடகிழக்கைப் பார்த்து வரிசையாக நின்றன. பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டித் தைத்து, பச்சரிசி நிரப்பி, அதைக் கல்லின் மேல் வைத்து லென்ஸைச் சாய்த்துவிட்டேன். 1/2500, மேனுவல். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திரையைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்ததால், எடுத்தது எப்படி இருக்கிறது என்றே தெரியாமல் நாமக்கோழிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

7:20க்கு அவை நகர ஆரம்பித்தன. சுமார் 60 இருக்கும். சத்தம் நின்றது முதலில். மேயும்போது ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்த அந்தச் சின்னச் சத்தம் இல்லாமல் போனதும் எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் நடுத்தண்ணீரில் ஒரே கறுப்புப் பாயாக ஒட்டிக்கொண்டன. பூனைப்பருந்து கோரைக்குப் பின்னாலிருந்து வந்தது, பழுப்பு உடம்பும் வெண்ணெய் நிறத் தலையுமாக. பாயின் மேலே வந்து தயங்கியது. கீழே இருந்தவை காலால் தண்ணீரை அடித்து மேலே தெறிக்கவிட்டன. அது விலகிப் போய், காற்றோடு சுற்றி, மறுபடி வந்தது. ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் அதே தடம், என் பக்கம் முகம். ஐந்தாவது முறை ஒரு நாமக்கோழி பாயிலிருந்து மூன்று முழம் விலகிவிட்டது. பருந்து காலைத் தொங்கவிட்டு இறங்கியது, நாமக்கோழி முங்கிவிட்டது. வெறுங்காலோடு பருந்து எழும்பிக் கோரைக்குப் பின்னால் மறைந்தது.

மொத்தம் 41 படம். இணைத்திருப்பது அதில் ஒன்று. சிறகு இரண்டும் மேலே, கால் கீழே, நடுவில் தண்ணீர்த் துளிகள், கண் என்னைப் பார்த்து. வலது சிறகின் முனை சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. ஆனாலும் போட்டுவிட்டேன்.

மொட்டைமாடி · ஜனவரி 5, மதியம் 12:44

பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தத் துளிகள் பருந்தின் மார்பு வரை எழும்பியிருக்கின்றன, கவனித்தீர்களா?

உப்பங்கழி · ஜனவரி 5, மாலை 6:10

பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். கண்ணில் சூரியப் புள்ளி இருக்கிறது, தாடை இறகு வரை தெளிவு. 600இல் வைத்திருந்தீர்கள் போலிருக்கிறது. ஒரே தடத்தில் ஐந்து முறை வரும் பறவைக்கு இரண்டாவது முறையிலேயே 450க்கு வந்திருக்கலாம், சிறகு முனை தப்பியிருக்கும். கீழ் ஓரத்தில் பாதி தெரியும் நாமக்கோழிகளை வெட்டிவிடாதீர்கள், அவை இல்லாவிட்டால் பருந்து எதற்காக இறங்குகிறது என்று படத்தில் தெரியாது. முந்தைய நான்கு சுற்றுகளின் படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

வரும் ஞாயிறு பழவேற்காடு போகிறோம், விராலடிப்பானுக்கு. அது மீனோடு தண்ணீரை விட்டு எழும்பி, சற்று உயரத்தில் உடம்பை ஈர நாய் மாதிரி ஒரு உதறு உதறும். பிறகு மீனின் தலை முன்னால் இருக்கும்படி காலில் திருப்பிக்கொள்ளும். பாய்ச்சலைத் தவறவிட்டாலும் அந்த உதறல் கிடைக்கும். மாதவரத்திலிருந்து விடியற்காலை 4:15. வண்டியில் ஓர் இடம் இருக்கிறது. அரிசி மூட்டையைக் கொண்டுவாருங்கள்.

வேளச்சேரிவாசி · ஜனவரி 5, மாலை 6:14

வருகிறேன் ஐயா. வேளச்சேரியிலிருந்து அந்த நேரத்துக்குப் பேருந்து இருக்காது, பைக்கில் வந்துவிடுகிறேன். வண்டியை நிறுத்த அங்கே இடம் இருக்குமா?